சம்பளமும் அரச உதவிக் காசும் நேரே கணக்குக்கு வர என்ன செய்ய வேண்டும்?

திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாலும் சரி, சீனன்குடாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாலும் சரி, முதல் நாளே அலுவலகத்தில் கேட்பார்கள்: "உங்கட எக்கவுண்ட் நம்பர் என்ன?" வறிய குடும்பங்களுக்கு அரசு காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தின் பட்டியலில் பெயர் வந்தாலும் இதே கேள்விதான். நான் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருப்பவன், அதனால் இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் எல்லாம் எனக்குப் பழக்கம். ஒருவர் ஏ.ரி.எம். கார்ட்டின் முன்பக்கத்தில் இருக்கும் 16 இலக்கத்தை எழுதித் தருவார். இன்னொருவர் மச்சானின் கணக்கு இலக்கத்தைத் தந்து "இதுக்கே போடுங்கோ" என்பார். வேறொருவர் கொண்டு வருவது பாடசாலைக் காலத்தில் அம்மா திறந்து கொடுத்த சிறுவர் சேமிப்புப் புத்தகமாக இருக்கும். காசு பிந்துவதற்கான காரணம் பெரும்பாலும் இந்த முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில், காசு எப்படி வருகிறது என்று பார்ப்போம். முதலாளி யாரும் உங்கள் வங்கிக்குப் போய்க் காசு கட்டுவதில்லை. சம்பள நாளுக்கு முன்னர் அலுவலகத்தில் ஒரு பட்டியல் தயாராகும். அதில் ஒவ்வொருவருக்கும் பெயர், வங்கிக் குறியீடு, கிளைக் குறியீடு, கணக்கு இலக்கம், தொகை என்று ஒரு வரி. வங்கிக் குறியீடு நான்கு இலக்கம்: இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135, தேசிய சேமிப்பு வங்கிக்கு 7719, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கிளைக்கு மூன்று இலக்கம். அந்தப் பட்டியலை நிறுவனம் தன்னுடைய வங்கிக்கு அனுப்பும், அங்கிருந்து லங்காபே என்ற நிறுவனம் நடத்தும் வலையமைப்பு வழியாக அது மற்ற வங்கிகளுக்குப் பிரிந்து போகும். நூறு பேர் நூறு கிளைகளில் கணக்கு வைத்திருந்தாலும் அலுவலகத்துக்கு வேலை ஒன்றுதான்.

இந்த வலையமைப்பில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று ஸ்லிப்ஸ். பட்டியல் பட்டியலாகச் சேர்த்து, வங்கி திறந்திருக்கும் நாட்களில் மட்டும் அனுப்புவது. பெரும்பாலான சம்பளங்கள் இதில்தான் வரும். மற்றது செஃப்ட்ஸ், 2015இல் வந்தது, இரவு பகல் விடுமுறை எதுவும் பார்க்காமல் அந்த நிமிடமே போய்ச் சேரும். ஃபோனில் ஒருவருக்கொருவர் காசு அனுப்பும்போது ஓடுவது பெரும்பாலும் இதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சம்பள நாள் போயா தினத்திலோ, சனி ஞாயிறிலோ விழுந்தால், முதல் நாளே பட்டியலை அனுப்பாத இடங்களில் காசு அடுத்த வேலை நாளில்தான் விழும். அதற்காக முதலாளியோடு சண்டைக்குப் போவதற்கு முன் கலண்டரை ஒரு தடவை பாருங்கள். மாதத்துக்கு ஒரு போயா கட்டாயம் இருக்கிற நாட்டில் இது அடிக்கடி நடக்கிற சங்கதி.

கணக்கு இல்லாதவர் கணக்குத் திறக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை, ஆரம்ப வைப்புக்குக் கொஞ்சக் காசு, கையில் எப்போதும் இருக்கிற ஃபோன் இலக்கம், இவ்வளவுதான் அடிப்படை. அடையாள அட்டையில் இருக்கும் விலாசத்தில் இப்போது நீங்கள் இல்லை என்றால் மின்சாரப் பட்டியலோ கிராம உத்தியோகத்தரின் கடிதமோ கேட்பார்கள். எங்கள் மாவட்டத்தில் இடம்பெயர்ந்து, மீளக்குடியேறி, கல்யாணம் கட்டி வேறு ஊர் போய் என்று பலருக்கு அட்டையில் ஒரு விலாசம், வாழ்வது ஒரு விலாசம். ஆகவே ஜி.எஸ்ஸிடம், அதாவது கிராம உத்தியோகத்தரிடம், முதலே கடிதம் வாங்கிக்கொண்டு போனால் இரண்டாம் தடவை அலைய வேண்டியதில்லை. ஃபோன் இலக்கம் விடயத்தில் ஒரு கண்டிப்பு: மகனுடையது, பக்கத்து வீட்டு அக்காவுடையது என்று கொடுக்காதீர்கள். வங்கி அனுப்பும் மெசேஜும் இரகசிய எண்ணும் அந்த ஃபோனுக்குத்தான் போகும்.

எந்த வங்கி? வட்டி அரை வீதம் கூடவா குறையவா என்று பார்ப்பதை விட, உங்கள் வீட்டிலிருந்து ஏ.ரி.எம். எவ்வளவு தூரம் என்று பாருங்கள் என்பதுதான் என் கருத்து. திருகோணமலை நகரத்தில் இருப்பவருக்கு எல்லா வங்கியும் நடை தூரம். வெருகலிலோ குச்சவெளிக்கு அப்பாலோ இருப்பவருக்கு அப்படி இல்லை. இன்னொரு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கட்டணம் கழியும், சின்னச் சின்னதாக எடுப்பவருக்கு அது மாதக் கடைசியில் தெரியும். அலுவலகம் ஒரு குறிப்பிட்ட வங்கியில்தான் திற என்று சொன்னால், அங்கே சம்பளக் கணக்குக்கு ஏதாவது சலுகை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். சமுர்த்தி வங்கிப் புத்தகமோ கூட்டுறவுக் கிராமிய வங்கிப் புத்தகமோ பொதுவாக இதற்குச் சரிவராது. ஒரு வணிக வங்கியிலோ, தேசிய சேமிப்பு வங்கி போன்ற சேமிப்பு வங்கியிலோ கணக்கு இருக்க வேண்டும். "வங்கி விழுந்தால் காசு என்னாகும்?" என்று வயதானவர்கள் கேட்பதுண்டு, நியாயமான கேள்விதான். ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரையான வைப்புக்கு இலங்கையில் காப்புறுதி இருக்கிறது.

இனி, அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டியது. வாயால் சொல்லாதீர்கள், கையால் எழுதியும் கொடுக்காதீர்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஃபோட்டோகொப்பி எடுத்துக் கொடுங்கள். அதில் உங்கள் பெயர், கிளை, கணக்கு இலக்கம் எல்லாம் அச்சில் இருக்கும். பாஸ்புக் இல்லாத கணக்கென்றால் வங்கியில் ஒரு கணக்குக் கூற்று எடுக்கலாம், அல்லது வங்கிச் செயலியில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பலாம். கணக்கு இலக்கத்தின் நீளம் வங்கிக்கு வங்கி வேறுபடும், அதனால் "என்ன தம்பி, இது குறைவா இருக்கே" என்று நீங்களாக ஒரு இலக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முன்னால் பூச்சியம் இருந்தால் அதுவும் இலக்கம்தான். எக்செல்லில் தட்டும்போது முன் பூச்சியங்கள் தாமாகவே மறைந்துவிடும். பட்டியல் போடுகிற எங்களைப் போன்றவர்கள் இதைக் கவனித்துத்தான் ஆக வேண்டும். நீங்களும் ஒரு தடவை, "அக்கா, எனக்கு முன்னால மூண்டு சைபர் இருக்கு, விழுந்திருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இலக்கம் பிழைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் காசு திரும்பி நிறுவனத்துக்கே வரும், சில நாள் பிந்தினாலும் கிடைத்துவிடும். அந்தப் பிழையான இலக்கம் வேறு யாருடையதாகவோ இருந்துவிட்டால்தான் வில்லங்கம். காசு பெயரைப் பார்த்துப் போவதை விட இலக்கத்தைப் பார்த்துத்தான் போகிறது. போன காசைத் திருப்பி எடுக்க வேண்டுமென்றால் அந்த ஆள் சம்மதிக்க வேண்டும், வங்கிகள் கடிதம் எழுத வேண்டும், நீங்கள் காத்திருக்க வேண்டும்.

பெயர் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அரச கொடுப்பனவுகளில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும், இங்கேதான் தமிழர்களான நாங்கள் மாட்டிக்கொள்கிறோம். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், பாஸ்புக்கில் அது ஒரு எழுத்தாகச் சுருங்கியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயரோடு கணக்குத் திறந்திருப்பார், அட்டையில் இன்னும் தகப்பன் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு தலையிடி: ஒரே சிவலிங்கம் ஒரு இடத்தில் எச் எழுத்தோடும் இன்னொரு இடத்தில் அது இல்லாமலும் இருப்பார். சின்ன வித்தியாசத்தைச் சில அதிகாரிகள் விட்டுவிடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். வங்கியில் அடையாள அட்டையைக் காட்டி, கணக்கின் பெயரை அட்டையில் உள்ளபடி மாற்றச் சொல்லி ஒரு படிவம் நிரப்பினால் அதோடு முடியும். அட்டையில் பிழை என்றால்தான் நீண்ட வேலை, அதை ஜி.எஸ் வழியாகத் தொடங்க வேண்டும்.

அடையாள அட்டை இலக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016க்குப் பிறகு வந்த புதிய அட்டைகளில் 12 இலக்கம், எழுத்து இல்லை. பழைய அட்டையில் கணக்குத் திறந்து, பிறகு புது அட்டை எடுத்து, அந்தப் புது இலக்கத்தில் அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்தவருக்கு இரண்டு இடத்திலும் இரண்டு இலக்கம் இருக்கும். ஆள் ஒருவர்தான் என்று எங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. உண்மையில் இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வருவதுதான். உதாரணத்துக்கு 851234567 வி என்று ஒரு பழைய இலக்கம் இருந்தால், முதலில் உள்ள 85 பிறந்த ஆண்டு, அது 1985 ஆகும். அடுத்த மூன்று இலக்கமும், அதாவது 123, ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது, அது அப்படியே நிற்கும் (பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள்). அதற்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழையும், மிச்சம் உள்ள 4567 அப்படியே வரும், கடைசி எழுத்து போய்விடும். ஆக 198512304567. உங்களுடையதை இப்படி எழுதிப் பார்த்து, புது அட்டையோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவந்தால் வங்கியில் புது அட்டையைக் காட்டி உங்கள் விவரத்தைப் புதுப்பிக்கச் சொன்னால் போதும்.

அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன் சமுர்த்திக் காசு சமுர்த்தி வங்கி வழியாக வந்து பழகியவர்களுக்கு இது புதிசு, ஏனென்றால் நலன்புரி நன்மைகள் சபை காசை நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்குத்தான் போடுகிறது. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரை. பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் காசு வந்துவிடாது, கணக்கு விவரம் கணினித் தொகுதியில் ஏற வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் அஸ்வெசும வேலை பார்க்கும் பிரிவுக்குப் போங்கள். பட்டினமும் சூழலும், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று நீங்கள் எந்தப் பிரிவில் விண்ணப்பித்தீர்களோ அந்தச் செயலகத்துக்கு. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய் வரிசையில் நிற்பதில் பிரயோசனம் இல்லை. அடையாள அட்டை, விண்ணப்பத்தின் கியூஆர் இலக்கம், பாஸ்புக் மூன்றையும் கொண்டு போங்கள். எந்த வங்கிகளில் கணக்கு இருக்கலாம், புதிதாகத் திறக்க அவர்கள் கடிதம் தருவார்களா என்பதை அங்கே கேட்டுவிட்டு வங்கிக்குப் போவதுதான் சரியான ஒழுங்கு. பலர் முதலில் வங்கிக்குப் போய்விட்டு, அங்கிருந்து செயலகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, நாளை வீணாக்குகிறார்கள். கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேளுங்கள். விண்ணப்பத்தில் அம்மா குடும்பத் தலைவி என்று இருக்க, மகனின் கணக்கைக் கொடுத்தால் அது நிற்காது.

வயல் செய்பவர்களுக்குப் பாதை வேறு. உர மானியம் முன்னர் போலப் பையாக வராமல் காசாகக் கணக்குக்கு வருகிறது, 2024/25 பெரும்போகத்துக்கு எக்டேயருக்கு 25,000 ரூபா. அதற்குக் கமநல சேவை நிலையத்தில் வயலின் பதிவும் கணக்கு விவரமும் சரியாக இருக்க வேண்டும். காணி ஒருவர் பெயரில், செய்கை இன்னொருவர் என்றால் அதைப் போகம் தொடங்க முன்னரே பேசித் தீருங்கள்.

ஓய்வூதியத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அது போகாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். அதைத் தவிர அங்கே பெரிய சிக்கல் இல்லை. ஓய்வூதியக் கணக்கைத் தனிப் பெயரில் வைத்திருப்பதே நல்லது. ஊழியர் சேமலாப நிதிக் காசும் இப்போது கையில் தருவதில்லை. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் விண்ணப்பிக்கும்போது தொழில் அலுவலகத்தில் பாஸ்புக் கொப்பி கேட்பார்கள். இருபது வருடம் சேர்ந்த காசு விழப்போகும் கணக்கு, ஆகவே அது இயங்குகிற கணக்காக இருக்கிறதா என்று முதலே பாருங்கள். நெடுநாள் தொடாமல் விட்ட கணக்கை வங்கி செயலற்றது என்று ஒதுக்கி வைத்துவிடும். அடையாள அட்டையோடு கிளைக்குப் போய்க் கையெழுத்து வைத்தால் திரும்ப இயங்கும், ஆனால் காசு திரும்பிப் போன பிறகு போவதை விட அதற்கு முன் போவது மேல்.

வளைகுடாவில் வேலை செய்து வந்த கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிசில்லை. கட்டாரிலும் அமீரகத்திலும் சம்பளத்தை வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் முதல் தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் மாதச் சம்பளம் விழுந்ததும் மெசேஜில் உள்ள தொகையைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். பேசிய சம்பளத்தை விடக் குறைவாக இருந்தால் பதறத் தேவையில்லை: சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் கழிந்திருக்கும். முதலாளி அதற்கு மேல் 12 வீதம் தன் பக்கத்திலிருந்து போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் அவரே. அவை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாதவை. கையில் காசு வாங்கும்போது இதையெல்லாம் சரிபார்க்க வழியில்லை, வங்கி வழியாக வரும்போது பாஸ்புக்கே உங்களுக்குச் சாட்சி. பிறகு ஒரு நாள் "நான் இவ்வளவுதான் தந்தேன்" என்று தகராறு வந்தாலோ, கடனுக்கு வருமானம் காட்ட வேண்டி வந்தாலோ அதுதான் உதவும். சிலர் முதலாளி சொன்னார் என்று பாதியைக் கணக்கிலும் பாதியைக் கையிலும் வாங்குகிறார்கள். அப்படி வாங்கும்போது சேமலாப நிதி கணக்கில் வரும் பாதிக்கு மட்டும்தான் கட்டப்படும், இழப்பது நீங்கள்.

இனிக் கார்ட் விடயம். எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது இதுதான். வட்டிக்குக் காசு கொடுப்பவர் ஏ.ரி.எம். கார்ட்டையும் இரகசிய எண்ணையும் அடகாக வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் மாதம் அஸ்வெசும விழுந்ததும் தானே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். சில வேலை இடங்களில் மேற்பார்வையாளர் "நானே எல்லாருக்கும் எடுத்துத் தாறன்" என்று கார்ட்டுகளைக் கட்டி வைத்திருப்பார். அப்படியென்றால் காசு உங்கள் கணக்குக்கு வந்து என்ன பயன்? கார்ட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். இப்போது யாரிடமாவது இருந்தால் வங்கிக்கு நேரே போய்ப் புதுக் கார்ட் கேளுங்கள், பழையது அன்றே செத்துவிடும். நடக்க முடியாத வயதானவர் என்றால் வீட்டில் யாருக்கு அந்தப் பொறுப்பு என்று வங்கியிலேயே கேட்டு, முறைப்படி எழுதிக் கொடுங்கள். ஃபோனில் ஒருவர் "அஸ்வெசும ஒஃபிசிலிருந்து கதைக்கிறம், உங்களுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கோ" என்றால் பேசாமல் வைத்துவிடுங்கள். காசு போடுவதற்கு யாருக்கும் உங்கள் இரகசிய எண்ணோ, மெசேஜில் வரும் எண்ணோ தேவையில்லை, கணக்கு இலக்கம் மட்டும்தான் தேவை.

காசு வரவில்லையா? முதலில் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள், அல்லது இயந்திரத்தில் மீதியைப் பாருங்கள், மெசேஜ் மட்டும் வராமல் போயிருக்கலாம். இல்லையென்றால் சம்பளத்துக்கு அலுவலகத்தில், அஸ்வெசுமவுக்குப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வங்கியில் போய்க் கேட்டால் "எங்களுக்கு வந்தால் போட்டிருப்போம்" என்றுதான் சொல்வார்கள், அது உண்மையும் கூட. அனுப்பிய இடத்தில் "எந்தத் திகதி, எந்தக் கணக்கு இலக்கத்துக்கு அனுப்பினீர்கள், திரும்பி வந்ததா" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் இலக்கத்தைப் பாஸ்புக்கோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

வங்கி மாற்றுபவர்கள் புதுக் கணக்கு விவரத்தை எழுத்தில் கொடுத்து, கொடுத்த கொப்பியில் திகதியோடு ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். அந்த மாதப் பட்டியல் ஏற்கனவே போயிருந்தால் காசு பழைய கணக்குக்குத்தான் விழும். ஆகவே புதுக் கணக்கில் ஒரு தடவையாவது சம்பளம் விழுந்த பிறகு பழையதை மூடுங்கள், அஸ்வெசுமவும் அதே கணக்குக்கு வருகிறதென்றால் அதையும் மாற்றிய பிறகு.